அவனையும் சேர்த்து

செப்டம்பர் 1, ஞாயிறு

யூத நாள்காட்டியில் எலூல் மாதம் பிறந்துவிட்டது. காலைத் தொழுகை முடிந்ததும் அலமாரியிலிருந்து ஆட்டுக்கொம்பை எடுத்தேன். புத்தாண்டுக்கு முந்தைய இந்த மாதம் முழுவதும், சனிக்கிழமை தவிர, நாள்தோறும் ஊத வேண்டும் என்பது விதி. உறங்கும் மனத்தை எழுப்புவதற்காக என்பார்கள். உதட்டைப் பழக்குவதற்கும்தான் என்பது ஊதுகிறவனாகிய என் அனுபவம்.

நீண்ட ஒலி சுத்தமாக வந்தது. மூன்றாக உடையும் ஒலி பரவாயில்லை. சிறு துண்டுகளாகச் சிதறும் ஒலி மோசம். பின்வீட்டு நாய் ஊளையிட்டது.

மனைவி யூடித் சமையலறையிலிருந்து, "இந்தத் தெருவுல உன்னோட சேந்து தொழறது அது ஒண்ணுதான்" என்றாள்.

ஜெபக்கூடத்தில் இவ்வாண்டு ஆண்கள் ஒன்பது பேர். பத்துப் பேர் கூடாமல் பொதுத் தொழுகை இல்லை; மறைநூல் வாசிப்பு இல்லை; இறந்தவருக்காகச் சொல்லும் துதியும் இல்லை. ஏப்ரல் வரை பத்தாவது ஆள் அப்பா. அந்தத் துதியை இப்போது அவருக்காகவே நான் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் இல்லாததால் சொல்ல முடியவில்லை. இதில் உள்ள முரணை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 4, புதன்

கீழுதடு வெடித்துவிட்டது. வாஸலின் தடவினேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

சாலி ஹெஸ் தொலைபேசியில் அழைத்தார். எங்கள் சிறு சபையின் தலைவர், எண்பதைக் கடந்தவர், மாட்டு வியாபாரத்தில் வாழ்நாளைக் கழித்தவர். மனிதர்களைப் பற்றிப் பேசும்போதும் அந்தச் சந்தை அவர் வாயைவிட்டு இறங்குவதில்லை. நான் நில அளவைத் துறையில் இருப்பதால் என்னை அவர் பெயர் சொல்லி அழைத்ததே கிடையாது.

"அளவுகாரா, பத்தாவது உருப்படி கெடைச்சாச்சு."

"யாரு?"

"சொன்னா ஃபோன வச்சிடுவ."

"வைக்க மாட்டேன். சொல்லுங்க."

"உன் தம்பி."

நான் வைக்கவில்லை.

"இருக்கியா? மூச்சு மட்டுந்தான் கேக்குது," என்றார். "இதோ பாரு. ஆம்ஸ்டர்டாம்ல கேட்டுப் பாத்தேன். புத்தாண்டுக்கு அங்கேர்ந்து எவனும் இந்தப் பக்கம் வர்றதா இல்ல. பிராம் வர்றேங்கிறான். நான் கெஞ்சக்கூட இல்ல. ரெண்டு நாளும் வர்றேன், ஆனா எந்தப் பக்கத்தப் படிக்கணும்னு யாராவது காட்டணும்ங்கிறான். அவ்வளவுதான்."

"உங்க விருப்பம். நீங்கதான் தலைவர்."

"என் விருப்பத்த கேக்கல. நீ ஊதுவியான்னு கேக்குறேன்."

ஊதுவேன் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? எங்கள் ஊரில் கொம்பூதத் தெரிந்தவன் நான் ஒருவனே.

ஏப்ரலில் நடந்ததை இதுவரை இந்தக் குறிப்பேட்டில் முறையாக எழுதவில்லை. எழுதி வைக்கிறேன்.

அப்பாவுக்கு நுரையீரல் நோய். கடைசி வாரங்களில் அவர் வீட்டில் அவரைப் பார்த்துக்கொண்டவன் பிராம். ஆற்றுப் படகுகளின் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது அவன் தொழில்; பட்டறை அப்பா வீட்டுக்கு அடுத்த தெரு. ஒரு செவ்வாய்க்கிழமை மூச்சுத்திணறல் தாங்க முடியாமல் போனது. இறுதிவரை விழிக்காமல் உறங்க வைக்கும் மருந்தை மருத்துவர் ஏற்றத் தொடங்கினார். அப்பா சம்மதித்தார், பிராம் உடனிருந்தான். எனக்குச் சொல்லவில்லை. மறுநாள் மாலை அவன் அழைத்தபோது அப்பா உறக்கத்தில் இருந்தார். நான் போய்க் கையைப் பிடித்தேன். கை சூடாக இருந்தது. வியாழன் காலையில் இறந்தார்.

அந்த மருந்தைப் பற்றி நம் மதச் சட்டத்தில் பல கருத்துகள் உள்ளன. சட்டம் அறிந்த குருவான ரபி ஒருவரிடம் கேட்டிருக்கலாம். அளவைக் குறைத்து, இடையிடையே விழிக்கும்படி செய்திருக்கலாம். இவற்றையெல்லாம் பேசியிருக்கலாம். நான் பக்கத்து ஊரில்தான் இருந்தேன்.

அடக்கம் முடிந்து பிராமிடம் நான் சொன்ன ஒரே வாக்கியம்: "இனி என்னிடம் பேசாதே."

செப்டம்பர் 11, புதன்

இரவு உணவின்போது யூடித்திடம் சட்டத்தின் நிலையை மறுபடியும் விளக்கினேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ரூபன், உனக்கு கோவம் சட்டத்துக்காகவா?"

"பின்ன எதுக்கு?"

"அஞ்சு மாசமா கேட்டுட்டிருக்கேன். ஒரு தரமாவது 'அப்பாகிட்ட ஒரு வார்த்த பேச முடியலயே'ன்னு சொல்லுவியான்னு பாக்குறேன். ரபி, மருந்து, அளவு. எல்லாம் வருது. அது மட்டும் வரல."

எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

செப்டம்பர் 16, திங்கள்

பணி: ஆற்றங்கரைச் சாலையில் இரு வீடுகளுக்கு இடையிலான வேலிச்செடி பற்றிய தகராறு. பழைய எல்லைக்கல் மண்ணுக்குள் இருந்தது, தோண்டி எடுத்தோம். செடி முழுவதும் இடப்பக்கத்துக்காரருக்கு உரியது.

வலப்பக்கத்து அம்மையார், "கோடு எங்க இருக்குன்னு தெரிஞ்சா சண்டை தீந்துடும்னு நெனச்சேன்" என்றார். தீரவில்லை. நான் வண்டியில் ஏறும்போது இருவரும் இன்னும் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

செப்டம்பர் 19, வியாழன்

பிராம் வந்தான். வேலை உடையிலேயே வந்திருந்தான். யூடித் அவனை உள்ளே அழைத்துக் காபி கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். வேண்டுமென்றே.

"சாலி சொன்னாரு, புத்தாண்டுக்கு முன்னாடி மன்னிப்பு கேக்கணுமாம்," என்றான். "மூணு தரம் கேக்கலாமாம். இது மொதல் தரம்."

எதற்காக மன்னிப்புக் கேட்கிறோம் என்பதைக் குறிப்பிட்டுச் சொல்வதே முறை என்றேன்.

அவன் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "இன்னும் நீ மாறவே இல்ல. சரி. அப்பாவத் தூங்க வச்சதுக்குக் கேக்க மாட்டேன். அவரு கஷ்டப்பட்டத நீ பாக்கல, நான் பாத்தேன். ஒன்னக் கூப்பிடாததுக்குக் கேக்குறேன்."

"ஏன் கூப்பிடல?"

"கூப்பிடல."

"காரணம் கேக்குறேன், பிராம்."

"காரணம் வேணாம். கூப்பிடல. தப்பு. மன்னிச்சிடு."

காரணம் தெரியாத குற்றத்தை மன்னிக்க இயலாது என்றேன். இவ்வளவு எழுத்துநடையாகவே, ஏறக்குறைய இதே சொற்களில் அவனிடம் சொன்னேன் என்பது இப்போது எழுதும்போது தெரிகிறது. தம்பியிடம் யாராவது இப்படிப் பேசுவார்களா?

அவன் எழுந்தான். வாசலில் நின்று, "காபி நல்லா இருந்துச்சுன்னு அண்ணிகிட்ட சொல்லு" என்றான்.

செப்டம்பர் 22, ஞாயிறு

இன்று முதல் விடியற்காலைப் பாவமன்னிப்பு மன்றாட்டுகள். அவரவர் வீட்டில் தனித்தனியாகச் சொல்கிறோம்.

ஒரு விதி என்னை உறுத்துகிறது. கொம்பூதுகிறவன் தனக்காக மட்டும் ஊதுவதில்லை. கேட்கிறவர்களின் கடமையை அவர்கள் சார்பில் நிறைவேற்றுகிறான். ஆகவே ஊதும்போது, அவர்களுக்காக ஊதுகிறேன் என்ற எண்ணம் அவனிடம் இருக்க வேண்டும். சபைக்காகத் தொழுகை நடத்துகிறவனைப் பற்றிச் சொல்லப்பட்டிருப்பது இன்னும் கடுமையானது: 'என் பகைவனுக்காக அல்ல' என்று அவன் ஒருவனை விலக்கினால், விலக்குகிறவனின் சொந்த நண்பர்களின் கடமையும் நிறைவேறாது. ஒருவனை விலக்கினால் அனைவருக்கும் செல்லாது. இது கொம்பூதுகிறவனுக்கும் பொருந்தும் என்பதே என் வாசிப்பு.

விலகிக்கொள்ளலாமா? மாற்று ஆள் இல்லை.

ஒரு வழி கண்டேன். பெயர்களை எண்ண வேண்டியதில்லை. 'கேட்கும் அனைவருக்காகவும் ஊதுகிறேன்' என்று பொதுவாக எண்ணிக்கொண்டால் போதும். அனைவர் என்ற சொல்லில் அனைவரும் அடக்கம். நான் யாரையும் சேர்க்கவும் வேண்டாம், விலக்கவும் வேண்டாம்.

செப்டம்பர் 25, புதன்

சிதறும் ஒலி இன்று நன்றாக வந்தது. அது அழுகையின் ஒலி. யாருடைய அழுகை என்று முன்னோர் விவாதித்திருக்கிறார்கள்: போருக்குப் போன மகன் திரும்பவில்லை என்று ஜன்னலோரம் நின்று அழுத ஒரு தாயின் அழுகை. அவள் நம்மவள் அல்லள். நம்மை ஒடுக்கிய படைத்தலைவனின் தாய். ஆண்டுதோறும் இதைச் சபையில் விளக்குவது என் வழக்கம்.

இவ்வாண்டு விளக்கவில்லை. நேரமில்லை என்று சாலியிடம் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

பகல். புத்தாண்டுக்கு முந்தைய நாளில் கொம்பை ஊதுவதில்லை. உறையில் போட்டு வைத்தேன். யூடித் இஞ்சிப் பாகு அடைத்த ரொட்டிச் சுருள்கள் செய்கிறாள். வீடெல்லாம் அந்த வாசனை. பண்டிகையின் இரண்டு நாளும் எழுதக் கூடாது.

எல்லாம் தயார். நானும் தயார் என்றே நினைக்கிறேன்.

அக்டோபர் 2, புதன்

இன்று சிறு நோன்பு. வேலைக்கு விடுப்பு எடுத்தேன். நடந்ததை வரிசைப்படி எழுத முயல்கிறேன்.

திங்கள் காலை பத்துப் பேரும் வந்திருந்தோம். பிராம் அப்பாவின் இருக்கையில் உட்கார்ந்தான். வேறு இடம் காலியாக இல்லாமல் இல்லை. அப்பாவின் தொழுகைச் சால்வையைப் போர்த்தியிருந்தான். எந்தப் பக்கம் என்று சாலி நொடிக்கு ஒருமுறை விரலால் காட்டினார். இறந்தவருக்கான துதி வந்தபோது அவனும் நானும் எழுந்து நின்றோம். எனக்கு மனப்பாடம். அவன் தடுமாறித் தடுமாறிப் படித்தான்; அவன் முடிக்கும்வரை சபை காத்திருந்தது. நான் காத்திருக்கவில்லை. முன்பே முடித்துவிட்டேன்.

பிறகு கொம்பு. மேடையேறி, சால்வையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, நான் வகுத்திருந்த வாசகத்தை மனத்துள் சொன்னேன். 'கேட்கும் அனைவருக்காகவும்.' சால்வையின் ஓரத்துக்குக் கீழே முதல் வரிசையின் கால்கள் தெரிந்தன. அப்பாவின் இடத்தில் பிராமின் காலணி. மினுக்கப்பட்டிருந்தது, ஆனால் தையலோரத்தில் இயந்திர எண்ணெய்க் கறை.

அவனுக்கில்லை.

யோசித்து வந்த எண்ணமன்று. ஆனால் தெளிவாக, சொல்லாகவே வந்தது. திருத்திக்கொள்ள அவகாசம் இருந்தது. ஒரு மூச்சு இழுக்கும் அவகாசம் இருந்தது. திருத்தவில்லை. ஊதினேன்.

இதுவரை நான் ஊதியதிலேயே சிறந்த ஊதல் அதுதான். ஒரு பிசிறில்லை. முடிந்ததும் சாலி என் தோளைத் தட்டி, "தாய்ப்பசு கன்னக் கூப்பிடற மாதிரி இருந்துச்சுடா, அளவுகாரா" என்றார். கண் கலங்கியிருந்தார்.

வீட்டில் யூடித் ஆப்பிளைத் தேனில் தோய்த்து நீட்டினாள். வாயில் வைக்க முடியவில்லை. அவளிடம் சொன்னேன்.

"யாருக்கும் தெரியாதுல்ல?" என்றாள்.

"எனக்குத் தெரியும். அவங்க யாருக்கும் அது செல்லாது, யூடித். அத்தனை பேருக்கும்."

"அப்ப மறுபடியும் ஊது."

"ஏன்னு கேப்பாங்களே."

"கேப்பாங்க. சொல்லு."

"எல்லார் முன்னாடியுமா?"

"எல்லாரோடதையும்தான எடுத்துக்கிட்ட."

முதல் நாளின் கடமையைச் சூரியன் மறையும்வரை நிறைவேற்றலாம். மாலையில் எல்லாரும் ஐசல் ஆற்றங்கரையில் கூடுவோம். சட்டைப்பைகளை உதறி, ஆண்டின் தவறுகளை நீரில் விடும் வழக்கம். கொம்பை மேலங்கிக்குள் வைத்து எடுத்துப் போனேன்.

பிராமும் வந்திருந்தான். மணல் ஏற்றிய படகொன்று கடந்து போனது. அதன் ஓட்டுநர் அவனைப் பார்த்துக் கையசைத்தான், அவனும் அசைத்தான். மன்றாட்டு முடிந்தது. எல்லாரும் பைகளை உதறினார்கள். சாலியின் பையிலிருந்து ஒரு பல்குத்தி விழுந்தது. "இந்த வருஷம் பாவம் கம்மிதான் போல," என்றார்.

அப்போது நான் பேசினேன். அலுவலக அறிக்கை வாசிப்பதுபோல் பேசினேன் என்று நினைக்கிறேன். காலையில் ஊதியது செல்லாது. குறை கொம்பில் இல்லை, என் எண்ணத்தில். ஒருவரை விலக்கி ஊதினேன். ஆகவே ஒருவருக்கும் நிறைவேறவில்லை. இப்போது மறுபடி ஊத வேண்டும்.

"காலைல அவ்வளவு நேரம் நின்னேனே," என்றார் சாலி. "இத என் முட்டிகிட்ட நீயே சொல்லிடு."

யாரும் சிரிக்கவில்லை.

"யாரை?" என்று பிராம் கேட்டான். அவனுக்குத் தெரியும். என் வாயால் கேட்க விரும்பினான்.

"உன்னை."

அவன் தலையாட்டினான். "உன் சபைக்கு ஆள் கொறையுதுன்னு வந்தேன். எழுத்துக்கூட்டிப் படிச்சேன், எல்லாரும் பாத்தாங்க, பரவால்லன்னு படிச்சேன். அதுக்குள்ளயும் கோடு போட்டு என்னை வெளிய நிறுத்திட்ட."

இங்கே நான் அமைதியாக இருந்திருக்க வேண்டும். என் தவற்றை ஒப்புக்கொள்ள வந்தவன் நான். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"நீ என்னக் கூப்பிடல. பக்கத்து ஊர்லதான்டா இருந்தேன். நம்ம அப்பாடா அவரு. எனக்கும் அப்பா."

"கூப்பிடாதேன்னு சொன்னதே அவருதான்."

படகு போன அலை கரையில் மோதிக்கொண்டிருந்தது. யூடித் அவன் பெயரைச் சொல்லி நிறுத்தப் பார்த்தாள். அவன் நிறுத்தவில்லை, ஆனால் குரல் தணிந்துவிட்டது.

"நான் ஃபோன கையில எடுத்தேன். வேணாம்னாரு. 'ரூபன் புத்தகத்தோட வருவான். அவன்கிட்ட இல்லன்னு சொல்ல எனக்கு மூச்சு இல்ல'ன்னாரு. இதத்தான் சொன்னாரு. இத ஒங்கிட்ட சொல்ல வேணாம்னுதான் இத்தன நாள் நான் திருடன் மாதிரி இருந்தேன்."

அவன் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை.

எல்லாரும் நின்றார்கள். சூரியன் பாலத்தின் இரும்புக்கு வந்துவிட்டது. பிராம் ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றான். "ஊது," என்றான். "முடிச்சுடு. பெரியவங்க நிக்குறாங்க."

கொம்பை வாயில் வைத்தேன். ஒலி வரவில்லை. காற்று மட்டும் போனது. மறுபடி. மறுபடியும் காற்று. மூச்சு இல்லை — இருந்தது, ஆனால் அது உதடு வரை வரவில்லை. அவர் எப்படித் திணறியிருப்பார் என்று — இல்லை, அதை எழுத வேண்டாம்.

மூன்றாவது முயற்சியில் கரகரத்த, அசிங்கமான ஓர் ஒலி வந்தது. கொம்பிலிருந்து எழும் எந்த ஒலியும் ஏற்புடையதே என்பது விதி. அதனால் நிறுத்தாமல் ஊதினேன், எல்லாவற்றையும், பிராமின் முதுகைப் பார்த்துக்கொண்டு. இம்முறை வாசகம் எதையும் சொல்லிக்கொள்ளவில்லை. அவன் பெயரைச் சொல்லிக்கொண்டேன். மிதிவண்டியில் போன ஒரு பெண் இறங்கி நின்று கேட்டாள்.

முடிந்ததும் அவன் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டான்.

செவ்வாய், இரண்டாம் நாள், அவன் வரவில்லை. ஒன்பது பேர். மறைநூற் சுருளை வெளியே எடுக்கவில்லை. துதி சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியாக முணுமுணுத்துவிட்டுக் கலைந்தோம். கொம்புக்குப் பத்துப் பேர் வேண்டியதில்லை. அதை மட்டும் ஊதினேன். சாலி சால்வையை மடித்துக்கொண்டே, "ஏப்ரல்ல ஒருத்தரு போனாரு. இப்ப ரெண்டாவது," என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அக்டோபர் 3, வியாழன்

பட்டறைக்குப் போனேன். ஓர் இயந்திரத்தின் வயிற்றுக்குள் தலையை விட்டிருந்தான். மன்னிப்புக் கேட்டேன். குறிப்பிட்டே கேட்டேன்: விலக்கியதற்கு, அடக்கத்தன்று சொன்ன வாக்கியத்துக்கு, நீ கேட்டபோது மறுத்ததற்கு.

"இல்ல," என்றான், தலையை வெளியே எடுக்காமல்.

அக்டோபர் 4, வெள்ளி

அந்த வாக்கியத்தோடு எழுந்தேன். அதோடே வேலை செய்தேன். 'அவன்கிட்ட இல்லன்னு சொல்ல எனக்கு மூச்சு இல்ல.'

நான் வந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? நேர்மையாக எழுதுகிறேன்: புத்தகத்தோடுதான் போயிருப்பேன். மருத்துவரை நடைக்கூடத்துக்கு அழைத்திருப்பேன். ஆம்ஸ்டர்டாமுக்குத் தொலைபேசி செய்து, பதில் வரும்வரை பொறுக்கச் சொல்லியிருப்பேன். அப்பா பொறுத்திருப்பார், எனக்காக. அந்த மருந்தைப் பற்றி என் கருத்து இன்றும் மாறவில்லை. ஆனால் அவர் அஞ்சியது என் கருத்தை அல்ல. என்னை.

நான் யாரையும் அடித்ததில்லை. குரல் உயர்த்தியதில்லை. பொய் சொன்னதில்லை. ஆண்டுதோறும் பாவங்களின் பட்டியலை நெஞ்சில் தட்டிக்கொண்டு வாசிக்கும்போது, பெரும்பாலானவை பிறருக்குரியவை என்று மனத்துக்குள் நினைத்திருக்கிறேன். பெற்ற தகப்பன் சாகும்போதும் கூப்பிடத் தயங்கும் ஆளாக ஒருவன் இருப்பது அந்தப் பட்டியலில் எந்த வரியில் வருகிறது? தெரியவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

மறுபடி போனேன். இம்முறை கையைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான்.

"இது எத்தனாவது?"

"ரெண்டாவது."

"மூணாவது தரமும் நான் இல்லன்னா, உன் கணக்குப்படி நீ விடுதல. தப்பு என்மேல வந்துடும். அப்படித்தான?"

"விதி அப்படித்தான்."

"அப்ப மூணாவது தரம் வராத."

வீட்டுக்கு வந்து வெகுநேரம் யோசித்தேன். அவன் சொன்னது சரி. மூன்றாவது முறை கேட்கும் உரிமை எனக்கு உண்டு, கேட்டால் முடிந்துவிடும். ஆகவே கேட்கப் போவதில்லை. புத்தாண்டின் பத்தாம் நாள் வரும் பெருநோன்புக்குள் தீரவில்லை என்றால், தீராமலே நோன்புக்குள் நுழைகிறேன்.

சாலியிடம் வேறொன்று கேட்டேன். தவறிழைக்கப்பட்டவர் இறந்திருந்தால், பத்துப் பேரைக் கல்லறைக்கு அழைத்துப் போய், அவர்கள் முன்னிலையில் சொல்ல வேண்டும். நம்மிடம் ஒன்பது பேர்தானே, என்ன செய்வது என்றேன்.

"அத நீ ஏன் நெனச்சு மண்டைய ஒடைக்கிற," என்றார். "மாடு பிடிக்கிறது என் வேல."

அக்டோபர் 8, செவ்வாய்

மதியம். மாலையில் நோன்பு தொடங்குகிறது, அதற்குள் எழுதுகிறேன்.

காலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். இரவெல்லாம் மழை, புல் வழுக்கியது. அப்பாவுக்கு இன்னும் கல் வைக்கவில்லை, பெயர் எழுதிய மரப்பலகை மட்டும். ஒன்பது பேர் வட்டமாக நின்றோம். சாலி கடிகாரத்தைப் பார்த்தார். வாயிற்கதவு கிறீச்சிட்டது. பிராம் நீர்புகாத காலணிகளோடு சேற்றில் சதக் சதக்கென்று வந்தான்.

"கூப்பிட்டது சாலி," என்றான் என்னைப் பார்த்து. "நீ இல்ல. சும்மா தெரிஞ்சுக்க."

வழக்கமான வாசகத்தைச் சொன்னேன்: கடவுளுக்கும் இங்கே படுத்திருக்கும் இம்மனிதருக்கும் எதிராகத் தவறிழைத்தேன். அதன்பின் தவற்றைக் குறிப்பிட வேண்டும். முந்தின நாள் ஒழுங்காக ஒரு வாக்கியம் அமைத்திருந்தேன். அது வரவில்லை.

"அப்பா, நீங்க என்னக் கூப்பிட பயந்தீங்க," என்றேன். "அப்படி நான் இருந்துட்டேன்."

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

கூடியிருப்பவர்கள் மூன்று முறை பதில் சொல்ல வேண்டும்: உனக்கு மன்னிக்கப்பட்டது. எபிரேயத்தில் சொன்னார்கள். முதல் முறை பிராம் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான், வாய் திறக்கவில்லை. இரண்டாம் முறையும் இல்லை. மூன்றாம் முறை மற்றவர்கள் சொல்லி முடித்து, எல்லாரும் கலைந்துவிடலாமா என்று நிற்கையில், அவன் குரல் தனியாக, எங்கள் வீட்டுப் பேச்சிலேயே வந்தது.

"மன்னிச்சாச்சு."

வெளியே வரும்போது என் பக்கத்தில் நடந்தான். "அது அப்பா சார்பா சொன்னது," என்றான். "என்னோடது தனி."

"சரி," என்றேன்.

"கேக்க மாட்டியா?"

"மாட்டேன்."

அவன் வண்டிக் கதவைத் திறந்தான்.

அக்டோபர் 10, வியாழன்

நேற்று நோன்பு. காலை முதல் மாலைவரை பத்துப் பேரும் இருந்தோம். துதியின்போது அவன் வேகத்துக்கு நான் படித்தேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

இன்று பிற்பகல் தொலைபேசி. பிராம்.

அப்பாவின் தங்கை ரோசா அத்தைக்கு நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல். மருத்துவமனைக்குப் போக மாட்டேன் என்கிறார். எண்பத்தைந்து வயது. மருத்துவர் வரப் போகிறார், முடிவு செய்ய வேண்டும்.

"நீ வா," என்றான். பிறகு, "ரூபன், வந்தா வந்து ஒக்காரணும். அவ்வளவுதான்" என்றான்.

போனேன். எதையும் எடுத்துப் போகவில்லை. மருத்துவர் இரு வழிகளையும் விளக்கினார். நான் கேட்க வேண்டிய கேள்விகள் வரிசையாக மனத்தில் வந்து நின்றன. அவற்றில் ஒன்றிரண்டு நல்ல கேள்விகள் என்றே இப்போதும் நினைக்கிறேன். அத்தை என்னைப் பார்த்தார். முகத்தில் என்னைக் கண்டால் எப்போதும் வரும் அந்த எச்சரிக்கை. அதை இத்தனை ஆண்டுகளாக மரியாதை என்று எண்ணியிருந்தேன்.

"நீ என்ன சொல்ற, ரூபன்?" என்றார், மெல்ல.

"நீங்க என்ன சொல்றீங்க அத்தை?"

"நான் இங்கயே இருக்கேன்."

"சரி அத்தை."

பிராம் ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தான். மருத்துவர் போன பிறகு அவன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். எங்கள் முழங்கால்கள் இடித்துக்கொண்டன, அவன் நகர்த்தவில்லை.

அத்தை பேரிக்காய் கேட்டார். தோல் சீவி, மெல்லிய துண்டுகளாக நறுக்கிக் கொடுத்தேன். இரண்டு துண்டு சாப்பிட்டார். மீதியை நாங்கள் சாப்பிட்டோம்.